வெள்ளைக் கோட்டு போட்ட மாணவிகள்

விடியற்காலை ஐந்தே கால். கோவை கணபதியிலிருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கனத்த நோயாளி ஒருவரைத் தனியாளாகப் புரட்டிப் போட்டு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள் எழில். வேர்வையில் முதுகு நனைந்திருந்தது. ஈரோட்டில் மூன்று நாள் பரீட்சை வேலை முடிந்து திரும்பிய தலைமை நர்ஸ், மேட்ரன் மெர்சிக்குப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. எழில் இரண்டாம் ஆண்டு மாணவி. நீலச் சீருடையில் இருக்க வேண்டியவள், நர்ஸுகளின் வெள்ளைக் கோட்டில் இருந்தாள்.

"இதை ஆரு கண்ணு குடுத்தாங்க?"

"ஆபீஸ்லங்க மேடம். எங்க பன்னெண்டு பேத்துக்கும் குடுத்தாங்க. இன்னைக்கு இன்ஸ்பெக்ஷனாமா."

"வார்டு நர்ஸு எங்க?"

"நீங்க போன அன்னைக்கே நாலு நர்ஸுகளை வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க. முப்பது பெட்டுக்கு நான் ஒருத்திதானுங்க." எழில் விரிப்பை விட்டு நிமிர்ந்தாள். "நேத்து ஒருத்தருக்கு நான் குடுத்த மருந்து மாறிப்போச்சுங்க. ஐசியூல இருக்காருங்க."

மெர்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிணத்துக்கடவுத் தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து வந்து, இங்கே முதல் மேட்ரனாகி, சாமான் அறையை ஒழித்து நர்சிங் பள்ளி தொடங்கியவர் அவர். வார்டில் கூப்பிட்டால் ஓடு, கேள்வி கேட்காதே என்றே இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொடுத்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது புரிந்தது.

எட்டு மணிக்கு நிர்வாகி சரவணன் அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்தார். என்றைக்கும் இல்லாத உபசாரம். மெர்சி காபியைத் தொடவில்லை.

"உங்களையே ஸ்கூல் பிரின்சிபால் ஆக்கறோமுங்க. இதுல ஒரு கையெழுத்துங்கம்மா."

அவர் நீட்டிய பணிப் பட்டியலில் மாணவிகள் பன்னிரண்டு பேரும் நர்ஸுகளாகியிருந்தார்கள். எழில் மாணவி என்றால், மருந்து மாறியது அவளைத் தனியாக விட்ட மருத்துவமனையின் குற்றம். நர்ஸ் என்றால் அவள் ஒருத்தியின் குற்றம்.

"அந்தப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறீங்களா?"

"ஸ்கூலை இழுத்து மூடட்டுங்களா? நீங்களே சொல்லுங்க."

மெர்சி பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படிக்கட்டில் மாணவிகள் காத்திருந்தார்கள். அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களாங்க மேடம்?" என்றாள் பிரீத்திகா.

அவரிடம் மாணவி ஒருத்தி கேட்ட முதல் கேள்வி அது. மெர்சி பட்டியலை அவளிடமே கொடுத்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

மீதமிருந்த நர்ஸுகளில் மூத்தவளான ரம்லா முன்னால் வந்தாள். "வார்டுகளை நாங்க பாத்துக்கறோமுங்க. இன்ஸ்பெக்ஷன்காரங்ககிட்ட இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. எங்களையும் நிறுத்துனா நிறுத்தட்டும்."

ஆய்வுக் குழுவின் கார் உள்ளே நுழைந்தது. சரவணன் மாலையோடு ஓடினார். மாணவிகள் கீழே இறங்கி வாசலில் வழியை அடைத்து நின்றார்கள். மெர்சி வாய் திறக்குமுன் எழில் ஓரடி முன்வைத்தாள்.

"நான் ரெண்டாம் வருச மாணவிங்க. என்னைத் தனியா உட்டது ஆருன்னு கேளுங்க."