விட்டுப்போன பத்தி

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் புரூஃப் பார்ப்பதுதான் தொழில். கமா, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து அவள் மூலப்பிரதியை உரக்க வாசிப்பாள். அவர் எதிரில் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கேயாவது இடித்தால் பென்சிலால் பலகையில் ஒரு தட்டு. கல்யாணமான புதிதில் தொடங்கிய ஏற்பாடு இது.

பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டார் என்பதால் அச்சகத்தில் அவருக்கு ‘கமா’ என்று பட்டப்பெயர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது வாயும் கூடவே விழுந்துவிட்டது. இப்போது ஒரு வார்த்தை வந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கண்ணும் இடது கையும் மட்டும் பழைய ஆள்தான்.

அவளுக்கு முடியவில்லை. போன வாரம் குளியலறையில் அவரைத் தூக்கும்போது இரண்டு பேருமாக வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்தாள். தங்கையும் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அக்கா, ஒரு கட்டில்தான் காலியா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. அத்தான்கிட்ட பேசிட்டியா இல்லையா?” என்று காலையில்கூடக் கேட்டாள்.

“பேசறேன்,” என்றாள் இவள். ஒரு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குப் புரூஃப் பார்க்க வந்திருந்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். கிரேக்கப் புராணக் கதையை இந்தக் காலத்து எழுத்தாளர் ஒருத்தி திருப்பி எழுதியிருந்தாள். விடியலின் தேவதை ஒரு மனிதன்மேல் ஆசைப்படுகிறாள். அவனுக்குச் சாவே வரக்கூடாது என்று பெரிய கடவுளிடம் வரம் வாங்குகிறாள். மூப்பும் வரக்கூடாது என்று கேட்க மறந்துவிடுகிறாள். அவன் சாகாமல் கிழவனாகிக்கொண்டே போகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, உயிர் மட்டும் தங்கினால் போதும் என்றுதானே அவளும் வேண்டினாள். வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தைப் புரட்டியதும் அடுத்த பத்தி கண்ணில் பட்டது. சத்தம் போடாமல் அதைத் தாண்டி, அதற்கடுத்த பத்தியை வாசித்தாள்.

பென்சில் தட்டியது.

“விட்டுட்ட,” என்றார்.

தாளைக் கையில் வைத்திருப்பவரிடமே மறைக்கப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் புரூஃப் பார்த்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் வாசித்தாள்.

“அவனைத் தூக்கித் தூக்கி அவள் களைத்துப்போனாள், புள்ளி. ஒருநாள் அவனை உள்ளறையில் படுக்கவைத்து, கமா, கதவைச் சாத்தினாள், புள்ளி.”

சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுத்தாளருக்கு அனுப்புவது வழக்கம். அவள் எட்டி, அவருடைய தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்று போட்டாள்.

“தேவதைக்கு எங்கயாவது களைப்பு வருமா? எழுதினவங்களையே கேட்டுடலாம்.”

அவர் அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் கோணலாக ஒரு கோடு இழுத்து அதை அடித்தார்.

“வரும்,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தோள்... வலிக்குதா?”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

“ஒரு இடம் இருக்குங்க. தங்கச்சி பாத்துட்டு வந்தா. தூக்கறதுக்கெல்லாம் ஆள் இருக்காங்களாம். நான் தினமும் வந்துடுவேன்.”

“தெரியும்.”

“யார் சொன்னா?”

“போன்ல... கத்துறாளே.”

தங்கையின் குரல் அப்படி. தெருமுனைவரை கேட்கும். இது தெரியாமல் ஒரு வாரமாகச் சமையலறைக்குப் போய்ப் போய்ப் பேசியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் தலையைத் திருப்பிக் கட்டிலோர ஜன்னலைப் பார்த்தார். படுத்த நாள் முதல் அவருக்கு உலகம் அதுதான். எந்த வீட்டுப் பையன் பள்ளிக்கு அழுதுகொண்டு போகிறான், எந்த மாடியில் துணி காயவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“அங்க... ஜன்னல் இருக்கா?”

அவள் சாப்பாடு, நர்ஸ், டாக்டர், குளியலறைக் கைப்பிடி என்று தங்கையைத் துருவித் துருவிக் கேட்டிருந்தாள். இதைக் கேட்கவில்லை.

“கேக்க மறந்துட்டேங்க.”

அவர் முகத்தில் பாதி சிரித்தது.

“நீயுமா?”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது; எது எதென்று தெரியவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள்.

“அந்தக் கட்டில் பக்கத்துல ஜன்னல் இருக்கா? நல்லா விசாரிச்சு சொல்லு. இல்லன்னா இவர் இங்கயேதான் இருப்பார்.”

பென்சில் பலகையில் தட்டியது. எதையோ விட்டுவிட்டாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கிழக்கு பாத்து,” என்றார்.