பதினாலாம் நம்பர் மனை

மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த எட்மண்டுக்கு நிலம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எல்லாம் ஏர்மெயில் கடிதத்திலேயே. தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவனுக்கு அந்த வித்தை எப்படி வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் புரோக்கர்கள் பின்னால் அலைந்து வந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிஷம் என்பார்கள், நீயே நடந்து பார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார். கோரைப்புல் முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. வெயிலில் எந்த மனையும் லட்சணமாகத்தான் இருக்கும், ஒரு மழையில் பார்த்துவிட்டு விலை பேசு. இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

கடல் தாண்டி இருக்கிறவன் மழைக்கு வந்து நிலம் பார்க்க முடியுமா? அவன் பணம் அங்கே, மண் இங்கே. நடுவில் என் கண்தான் அவனுக்குக் கண். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். வேதாசலம் சொன்னால் சரி என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

எண்பத்தெட்டில் ராஜகீழ்ப்பாக்கத்தில் தோத்தாத்ரி என்பவர் போட்ட லேஅவுட்டில் இரண்டே மனை மிச்சம் இருந்தது. பதினாலு, இருபத்திரண்டு. ஒரே அளவு, ஒரே விலை. ஒன்று எட்மண்டுக்கு, ஒன்று எனக்கு என்று பேசி முடித்தோம். எது யாருக்கு என்று கேட்டு எழுதினேன். நமக்குள் பேச்சு எதற்கு, துண்டுத் தாளில் எழுதிச் சீட்டுப் போடு, செல்வமேரி ஒன்றை எடுக்கட்டும் என்று பதில் வந்தது. செல்வமேரி அவன் மனைவி. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள்.

நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டில் மண் காலில் ஒட்டக்கூட இல்லை. பதினாலில் கணுக்கால் தண்ணீர், நடுவே கோரை. பதினாலு வேண்டாம் என்று அன்றைக்கே அவனுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால், இருக்கிற ஒரே நல்ல மனை யாருக்கு என்று கேள்வி வரும். முதலில் பணம் அனுப்பியவன் அவன். அஸ்தினாபுரத்தில் ஒற்றை அறையில் என் மனைவி சுப்புலட்சுமி ஏழு வருஷமாக அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் காரணமில்லை, சாக்கு. எனக்கு அந்த மனை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு சீட்டிலும் பதினாலு என்று எழுதினேன்.

மாதா படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் போட்டேன். செல்வமேரி முக்காடு போட்டு ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "பதினாலு" என்று சிரித்தாள். மற்றதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதாகத்தான் திட்டம். ஆனால் அந்தப் படத்துக்கு எதிரே கை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பேரும் வீடு கட்டினோம். எட்மண்ட் என்னைப் பற்றி மஸ்கட் முழுக்கப் பெருமை பேசினான் போல, முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் நிலம் பார்த்துச் சொல்லும்படி எழுதினார்கள். பன்னிரண்டு பேருக்கும் நேர்மையாகப் பார்த்துச் சொன்னேன். ஊராருக்கெல்லாம் யோக்கியன், சிநேகிதனுக்கு மட்டும் திருடன். ஐப்பசி பிறந்துவிட்டால், மழை விட்டதும் குடையோடு போய்ப் பதினாலாம் நம்பர் வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். "அண்ணாவுக்கு நம்ம மேலே எவ்ளோ அக்கறை" என்று செல்வமேரி எட்மண்டுக்கு எழுதுவாள். அவன் அதை எனக்கு எழுதுவான். அந்தக் கடிதங்களை என்னால் இரண்டாம் முறை படிக்க முடிந்ததில்லை.

சுற்றிலும் காலி மனை இருந்தவரை தண்ணீர் அங்கே போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டியதும் அதற்குப் போக்கிடம் ஒன்றுதான். தொண்ணூற்றாறு ஜூனில், யாரும் எதிர்பாராத மழையில், செல்வமேரி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. பதினைந்து வருஷ மஸ்கட் சம்பாத்தியம் அதில் மிதந்தது. டிசம்பரில் எட்மண்ட் ஒரேயடியாகத் திரும்பி வருவதாக இருந்தான்.

விடிந்ததும் அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். சுப்புலட்சுமி மாற்றுப் புடவை எடுக்க உள்ளே போனாள். செல்வமேரி பிளாஸ்டிக் பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து இரண்டு துண்டுத் தாளை மேஜைமேல் வைத்தாள். இரண்டிலும் என் கையெழுத்து.

"நீங்க போனப்புறம் தட்டைக் கழுவப் போனேன் அண்ணா. மீதிச் சீட்டு அதிலயே கிடந்துது."

எட்டு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று எப்படியோ கேட்டேன்.

"உங்களுது கிழக்கு பாத்த மனை. வாஸ்துக்காக ஆசைப்படறீங்க, வாய்விட்டுக் கேக்க கூச்சப்படறீங்கன்னு நெனச்சேன். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேலி பண்ணுவார்னு அவர்கிட்ட கூட சொல்லலை." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி நிக்கும்னு அப்பவே தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா" என்றேன்.

உள்ளே பீரோக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் சீட்டுகளை என் பக்கமாகத் தள்ளினாள்.

"அப்ப நீங்களே அவருக்கு எழுதிடுங்க. நான் எழுதினா நம்ப மாட்டார்."

வீட்டில் ஏர்மெயில் தாள் தீர்ந்துபோயிருந்தது. மழை விடவில்லை. சீட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீசுக்குக் கிளம்பினேன்.