டேலாவின் வலது கன்னம்

அக்ரா நகரில், ஓஸூ பகுதி ஓவியக்கூடத்துக்குள் செஃபாக்கோர் நுழைந்தபோது கண்காட்சி திறக்க அரை மணி நேரம்தான் இருந்தது. தான் வரைந்த படத்தின் முன்னால் போய் நின்றவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் கொதித்தது.

அவளுடைய அக்கா டேலாவின் முகம் அது. கோக்கோ மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்து, ஆள் உயரத்துக்கு வரைந்திருந்தாள். தலைக்கு டேலாவின் முடியலங்காரக் கடையில் பெருக்கி அள்ளிய சவுரிமுடி. வலது கன்னத்தில் மட்டும் சாயமே கிடையாது. சருமத்தை வெளுக்க வைக்கும் கிரீம் டியூப்கள் நாற்பதைக் கத்தரித்துத் தட்டி, மீன் செதில் மாதிரி ஒட்டியிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கிரீம்தான் டேலாவின் கன்னத்தைத் தின்றது. அன்றிலிருந்து தலைத்துணியை இழுத்து அந்தப் பக்கத்தை மூடாமல் அவள் தெருவில் இறங்கியதில்லை.

இப்போது டியூப்களைக் காணோம். கன்னம் பழுப்பு நிறத்தில் வழவழவென்று மின்னியது.

"யார் இதுல கை வச்சது?"

கூடத்தின் உரிமையாளர் போன்சு சிரித்துக்கொண்டே வந்தார். "கோபப்படாதம்மா. லாம்ப்டே அம்மா இதை வாங்கிக்கிறேன்னுட்டாங்க. சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ல மாட்டணுமாம். அந்தத் தகரக் கன்னத்தைப் பாத்துக்கிட்டு யாருக்கு சாப்பாடு இறங்கும்? தெரிஞ்ச ஓவியர் ஒருத்தரை விட்டு லேசா சுதை பூசச் சொன்னேன். இப்ப பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"எங்கக்கா மூஞ்சி என்ன அவங்க மேஜை விரிப்பா, கறைன்னு வெளுத்துப் போட?"

"ரசனைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"அந்த ரசனைதான் சார் எங்கக்கா கன்னத்தை எரிச்சது."

பையிலிருந்து சாயம் சுரண்டும் கத்தியை எடுத்தாள். போன்சு கையை நீட்டித் தடுப்பதற்குள் கன்னத்தில் இறக்கிவிட்டாள். சுதை பாளம் பாளமாக விழுந்தது. கூடவே டியூப்களும் பெயர்ந்தன. சாக்கு கிழிந்தது. அதைப் பார்த்ததும் ஆத்திரம் இன்னும் ஏறியது.

விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். லேஸ் உடுப்பில் வந்த லாம்ப்டே அம்மா, "ஐயையோ, என் படத்தை நாசம் பண்றா!" என்று கத்தினாள்.

"உங்க படமா? இன்னும் யாரும் விக்கல."

"கொஞ்சம் நிறுத்துடி."

டேலாவின் குரல். புது உடுப்பு, கன்னத்தை மூடிய தலைத்துணி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சுரண்டாமல் மிச்சமிருந்த பாதிக் கன்னத்தை விரலால் தொட்டாள்.

"அந்தக் கருமத்தைத் தடவாம இருந்திருந்தா நான் இப்படித்தான் இருந்திருப்பேன், இல்ல?"

செஃபாக்கோர் சுரண்டுவதை நிறுத்தினாள். கத்தி கையிலேயே நின்றது.

டேலா போன்சுவின் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் பூசச் சொன்னதா?"

"ஆமாம்மா. அழகா இருக்கில்ல?"

"இருக்கு. யாரு இல்லேன்னாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இவ வரையறதுக்கு மூணு வாரம் இடுப்பு ஒடிய உக்காந்தேன். இவளோட சேந்து டியூப் வெட்டி வெட்டி விரலெல்லாம் கொப்புளம். கடைக்கு வந்து அந்தக் கிரீம் கேக்குற ஒவ்வொருத்திக்கும் இந்தத் துணியை விலக்கிக் காட்டித்தான் அனுப்புறேன். நானே காட்டுறதை மூட நீ யாருய்யா?"

போன்சு ஒப்பந்தம் என்று ஏதோ ஆரம்பித்தார்.

"ஒப்பந்தம் என் படத்துக்கு," என்றாள் செஃபாக்கோர். "கீழ கிடக்குற சுதை உங்களோடது. அதை வித்துக்குங்க."

இருவருமாகப் படத்தை இறக்கினார்கள். பயணிகள் வேனில் அது நுழையவில்லை. "அக்கா, அந்தப் பெரிய பொம்பளைக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கணும்," என்று நடத்துநர் கேலி செய்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெயிலில் நடந்தார்கள்.

"வீட்டுக்குப் போனதும் மிச்சத்தையும் சுரண்டிடறேன்."

"வேணாம். ஒரு வாரம் இருக்கட்டும். நான் அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் பாத்துக்கிறேன்."

செஃபாக்கோருக்கு மறுபடி கோபம் மூண்டது. இந்தத் தடவை யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது பொய்க்கா."

"எனக்குத் தெரியாதா? தூக்குடி, உன் பக்கம் தாழுது."