அறுபடாத தாரை

பெரியவர் லிங்கத்தின் மேல் பட்ட தண்ணீர் கீழே விழாது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மனைவி சந்திரகாந்தியின் உடலுக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அப்படித்தான். குளித்தால் தண்ணீர் விரல் கனத்துக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் தானாகக் காய்ந்தால்தான் உண்டு. தண்ணீர் தன்னையும் பிடித்துக்கொள்ளும், தொட்டதையும் பிடித்துக்கொள்ளும், ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி நிற்பதும் அதனால்தான் என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை றின்ஸா விளக்கினார். அப்படியானால் மற்றவர்கள் மேல் ஏன் நிற்பதில்லை என்று கேட்டதும் அவரும் குழம்பிப்போய், லிங்கத்தின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் மேனுஷாவுக்கு நமுனுகுலயில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் இது பெரிய சங்கடமாயிற்று. தாரை வார்க்க வேண்டுமே! தகப்பன் கையிலிருந்து தண்ணீர் மகள் கை வழியாக மாப்பிள்ளை கையில் விழுந்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். சித்தப்பா வார்க்கட்டும் என்றார்கள். பெற்ற மகளை அடுத்தவன் கையால் கொடுப்பதா என்று லிங்கம் அழுதார். அந்தக் கண்ணீரும் கன்னத்திலேயே நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை.

மாரியம்மன் கோயிலில் பூசாரி செம்பைச் சாய்த்தார். தண்ணீர் லிங்கத்தின் உள்ளங்கையில் திரண்டு நின்றது. கவிழ்த்தார், உதறினார், அசையவில்லை. மேளக்காரர்கள் வாசித்து வாசித்துக் களைத்தார்கள். மாப்பிள்ளை நிரோஷனின் அம்மா இராக்கம்மா, "தண்ணி விழலைன்னா பொண்ணக் குடுத்ததா ஆகாதுங்களே, சம்மந்தி" என்றார்.

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலைங்க. மனசாரத்தான் குடுக்கிறேன்" என்றார் லிங்கம்.

மேனுஷா தன் கையை மேலே தூக்கினாள். "விட வேணாம்ப்பா. புடிச்சுக்கிட்டே குடுங்க."

தண்ணீர் நூலாக நீண்டு அவள் கையைத் தொட்டு, அங்கிருந்து நிரோஷன் கையில் சொட்டியது. ஆனால் லிங்கத்தின் பக்கம் அறுபடவில்லை. கொடுத்தாயிற்றா இல்லையா என்று பூசாரிக்கே புரியவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததால் தாலியைக் கட்டச் சொல்லிவிட்டார். மேனுஷா வேனில் ஏற, நூலும் ஜன்னல் வழியாக நீண்டுகொண்டே நமுனுகுல வரைக்கும் போனது.

இப்போதும் அது மலைக்கு மேலே இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அந்த இடத்தில் தலையைக் குனிந்து, பேச்சை நிறுத்தாமல் கடந்து போகிறார்கள். நமுனுகுலயில் மேனுஷா பாத்திரம் கழுவினால் இங்கே லயத்து வீட்டில் லிங்கத்தின் கை நனைகிறது. அவர் துடைப்பதில்லை.