றோசலின் தொட்ட தந்தி

ஹட்டன் எலக்ட்ரிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சாமான்களை எல்லாம் றோசலின் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மகள் ஏஞ்சலா எலக்ட்ரிக் கிட்டார் செய்யப் போகிறாளாம். அதைத் தடுத்தே தீருவது என்றுதான், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல், வட்டவளையிலிருந்து கூடவே பஸ் ஏறி வந்திருந்தாள்.

தடுக்காமல் எப்படி இருப்பாள்? மூத்தவன் மிலான் செத்துப் போனதே கிட்டாரோடுதான். போன வருஷம் மாதா திருவிழா. மழை ஈரம். மேடைக்கு இழுத்த வயரின் முனையில் ஏர்த் இல்லாமல் இரண்டே ஓட்டை. பாட்டுக்கு நேரமாகிறது என்று, கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் அம்ப் பெட்டியின் பிளக்கில் இருந்த பெரிய ஏர்த் காலை அவனே வெட்டிவிட்டுச் சொருகினான். தோட்ட லயத்து வீடுகளில் எல்லோரும் செய்கிற வேலைதான். தந்தியில் கை, மைக்கில் உதடு. அவ்வளவுதான்.

சப்பு மரப் பலகையில் அவன் பென்சிலால் வரைந்து வைத்த கிட்டார் வீட்டில் அப்படியே கிடந்தது. அதைத்தான் ஏஞ்சலா அறுத்து இழைத்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் ஒரு பிக்கப்பை எடுத்து நீட்டினார். "மிஸ், தந்திக்கு அடியில இத மாட்டுனா நல்லா சத்தம் குடுக்கும்."

"அதப் பெறகு பாப்போம். மொதல்ல ட்ரிப் சுவிட்ச் எடுங்க. ஏர்த்துக்கு மண்ணுல அடிக்கிற செப்புக் கம்பியும் வேணும்" என்றாள் ஏஞ்சலா.

"கிட்டாருக்கா?"

"எங்க வீட்டுக்கு. எங்க அண்ணனக் கொன்னது கிட்டார் இல்லீங்க. ஏர்த் இல்லாத கரண்டு."

பிக்கப், வொல்யூம் திருகி, ஈயம் பற்றவைக்கிற அயன் என்று மகள் பார்த்துப் பார்த்து எடுத்தபோது றோசலின் தடுக்கவில்லை. சம்மதிக்கவும் இல்லை.

எலக்ட்ரீஷியன் வந்து கம்பியை அடித்து, கரண்டு கசிந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்சையும் பொருத்திக் கொடுத்தார். கிட்டார் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த கையோடு, ஏஞ்சலா மிலானின் அம்ப்புக்கு மூன்று கால் பிளக் மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். கரண்டு பார்க்கும் மீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஏர்த்திலும் வைத்தாள்.

"பாருங்கம்மா, சைபர். பயமே இல்ல."

மீட்டரை றோசலின் எங்கே கண்டாள்? மகள் கை தந்திக்குப் போனதும் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளு."

சோறு ஊட்டும் காலத்தில், சூட்டைத் தன் வாயில் பார்க்காமல் ஒரு பிடிகூட அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று, கொழுந்துக் கறை படிந்த விரல்களை ஆறு தந்திகளின் மேலும் வைத்தாள்.

"அம்மா!"

ஒன்றும் ஆகவில்லை. அவள் கை நடுங்கிய நடுக்கம் மட்டும் அம்ப்பில் பெரிதாகக் கேட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். றோசலின் வாய்விட்டு அழுதாள். அழுது முடியும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு முந்தானையால் தந்திகளைத் துடைத்து, கிட்டாரை மகளிடம் கொடுத்தாள்.

"இப்ப நீ வாசி."