சாந்தகுமாருக்கு வந்த அழைப்பு

மேலைமலை முகில்கள் தாழ இறங்கிக் கூரைகளை நனைத்துச் செல்லும் ஆடித்திங்களின் விடியலில், இரண்டு ஆறுகள் கலக்கும் புனே மாநகரின் வடபால், ஆலைச் சங்கொலிக்கு விழித்தெழுந்து, ஈருருளிகளிலும் நெரிசல் மிக்க பேருந்துகளிலும் தொற்றிக்கொண்டு, எறும்பின் ஒழுக்கெனப் போசரித் தொழிற்பேட்டைக்குள் நுழையும் மாந்தரைக் கண்டோர், அந்நகரம் உருக்காலும் உழைப்பாலும் எழுந்தது என்பதைச் சொல்லாமலே உணர்வர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டில், அத்தகையதொரு காலையில், அவ்வொழுக்கினுள் ஒருத்தியாய் நடந்தவள் சாந்தகுமாரி.

அந்நகரின் கட்கிப் படைக்கலத் தொழிற்சாலையில் பணிபுரிந்த வேலூர்த் தமிழர் ஒருவரின் மகள் அவள், அகவை இருபத்துமூன்று. தகட்டை வெட்டியும் வளைத்தும் உருக்கொடுக்கும் அச்சினை, தொழிலாளர் ‘டை’ என வழங்குவதனை, ஆக்கும் கலையை நாற்பது ஆடவரிடையே தனியொருத்தியாய் மூன்றாண்டு பயின்று, அவர் அனைவரையும் விஞ்சிய மதிப்பெண்ணோடு வெளிவந்தவள். போசரி ஆலையொன்றினின்று, நேர்காணலுக்கு வருக என்னும் மடல் வந்த நாள்முதல் பதினைந்து நாளும் அவள் வீட்டில் பிறிதொரு பேச்சில்லை. தமிழன்றி வேறெழுத்து அறியாத அண்ணி பவுனுக்காக வினாக்களையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவரோ சப்பாத்தி தேய்த்தவாறே, மாவு படிந்த அத்தாளை நோக்கி வினவுவார்.

“குத்தும் கருவிக்கும் அச்சுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும்?”

“தகட்டின் கனத்தைப் பொறுத்தது, அண்ணி. மெல்லிரும்பானால் கனத்தில் நூற்றுக்கு ஐந்து, ஒவ்வொரு பக்கமும்.”

“ஒவ்வொரு பக்கமும் என்பதை நேற்று விட்டுவிட்டாய். அங்கே விட்டுவிடாதே.”

மடலின் முகப்பில் ‘திருவாளர் சாந்தகுமார்’ என்று ஆங்கிலத்தில் இருந்ததை அவள் அண்ணிக்குப் படித்துக் காட்டினாள். இருவரும் தட்டெழுத்தர் பிழையென்று நகைத்தனர். நேரில் திருத்திக்கொள்ளலாம் என்றெண்ணினர்.

அவ்வாடிக் காலையில் ஆலையின் கூடத்தில் அவளோடு சேர்த்து அறுவர் காத்திருந்தனர். ஏனைய ஐவரும் முறையே உள்ளழைக்கப்பெற்று, அச்சினைப் பற்றி வினவப்பெற்று, கைத்திறன் காட்டுதற்குப் பணிக்கூடத்துக்கு அனுப்பப்பெற்றனர். இறுதியாக நுழைந்த சாந்தகுமாரியை மேலாளர் ஏற இறங்க நோக்கி, தம்முன் கிடந்த பட்டியலை நோக்கி, மீண்டும் அவளை நோக்கினார். பின்பு இந்தியில் அவர் வினவியவை இவை: மணம் எப்போது? கணவன் விடுவானா? பளுவை யார் தூக்குவார்? அவள் கற்றதில் ஒன்றையேனும் அவர் தீண்டினாரல்லர்.

“நாங்கள் சாந்தகுமாரைத்தான் அழைத்தோம்.”

“அந்தப் பட்டியலில் முதலாவதாக உள்ள மதிப்பெண் என்னுடையது, ஐயா. அந்த எண்ணைப் பார்த்துத்தானே அழைத்தீர்கள்?”

“இங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அம்மா. நான் என்ன செய்வது?”

“கழிப்பறைக்கு நான்கு சுவர் போதும், ஒரு திங்களில் கட்டிவிடலாம். அச்சு செய்யும் ஆளை ஆக்க மூன்றாண்டு வேண்டும். அவர்களுக்கு வைத்த தேர்வை எனக்கும் வையுங்கள்.”

“தேவையில்லை. நீ போகலாம்.”

அவள் எழவில்லை. சினத்தை அடக்கிக் குரலைத் தாழ்த்தி, அம்மடலை மறுபுறம் திருப்பி அவர்முன் வைத்தாள்.

“பெண் என்பதால் தேர்வு வைக்கவில்லை என்று இதில் எழுதிக் கையொப்பமிடுங்கள். போய்விடுகிறேன்.”

மேலாளர் எழுதுகோலின் மூடியைக் கழற்றினார், தாளை நோக்கினார், மூடியை மீண்டும் பொருத்தினார். “முடிவைப் பிறகு எழுதி அனுப்புவோம்,” என்றார்.

“இப்போது எழுத முடியாததைப் பிறகு எப்படி எழுதுவீர்கள்?”

மேலாளர் அழைப்புமணியை அழுத்தினார், காவலர் வந்தார். அவர் தன் தோளைத் தொடுமுன் அவள் தானே எழுந்து, பணிக்கூடத்தில் அரம் தேய்க்கும் ஓசை தன் செவியைச் சுடச்சுட, மழைக்குள் இறங்கி நடந்தாள். நடந்ததைக் கேட்ட பவுன் சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்தினார். பின்பு, “ஒரு கேள்விகூடவா கேட்கவில்லை?” என்றார், தேய்கட்டையைச் சுவரோரம் எறிந்தார்.

அதன்பின் அனுப்பிய விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் சாந்தகுமாரி தன் பெயருக்குக் கீழே ‘பெண்’ என்றெழுதி இருகோடு இட்டாள். ஏழிடத்தினின்று மறுமொழி இல்லை. எட்டாவதாக, நகரின் கீழ்ப்பால் ஹடப்சரில் சிறியதோர் டை அச்சுப் பட்டறை நடத்திய பத்ரிநாத் என்பார், அவளை ஒரு நாழிகைக்கும் மேலாக வினவி, உருக்குத்துண்டொன்றைக் கையில் கொடுத்து அரத்தால் அளவு சேர்க்கச் சொல்லி, அளந்து பார்த்து, மறுநாளே வருக என்றார். அங்கும் கழிப்பறை கட்ட மூன்று திங்கள் ஆயிற்று. அதுகாறும் அருகிருந்த மருத்துவமனைக்கு நடந்தாள்.

போசரியினின்று மடல் ஏதும் வந்திலது. படிப்போரே, கொடுமைகளுள் கடையானது எது என்பீர்? நெஞ்சறியத் தீங்கிழைத்து, அதன் அடியில் தன் பெயரை எழுத மட்டும் அஞ்சுகின்றதே, அது. அம்மேலாளர் ஆண்டு பல அவ்விருக்கையிலேயே வீற்றிருந்து, மதிப்புற ஓய்வும் பெற்றார் என்பர்; அவர் கதவளவில் திரும்பிய மகளிர் எத்துணைப் பேரென்று உரைக்க, ஒரு தாளும் இல்லை.