பவதாரிணியின் கொசுவலை

சத்யப்ரியாவுக்குப் பொறாமை வரும் என்று ஒரு வருடம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பொறாமைப்பட எதிராளியிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. வில்லாபுரத்தில் அந்தத் தெருவில் படம் வரைகிற ஆள் அவள் ஒருத்திதான். கும்பகோணத்தில் தங்கி ஓவியம் படித்தவள், தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கீழ்வீட்டில் அவளும் புருஷன் அருள்பாண்டியும் இருந்தார்கள். மாடியில் கொழுந்தன் சூரியபிரகாஷும் அவன் மனைவி பவதாரிணியும். வீடுதான் இரண்டு, அடுப்பு ஒன்று. அது கீழே இருந்தது.

சத்யா வரைவது சாமியும் இல்லை, சூரிய உதயமும் இல்லை. தன் அன்றாடத்தை வரைவாள். ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினாள், எத்தனை தடவை எரிச்சல் வந்தது, எத்தனை தடவை போனைக் கையில் எடுத்தாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்து, நாளுக்கு ஒரு வட்டம் போடுவாள். தூக்கத்துக்கு நீலம், எரிச்சலுக்குச் சிவப்பு, போனுக்குக் கறுப்பு. மாதம் முடிந்தால் சார்ட் முழுக்க வட்டங்கள் நிரம்பியிருக்கும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இதென்னத்தா, மாத்திரை அட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். சத்யா பொறுமையாக விளக்குவாள். தகவல்தான் இந்தக் காலத்தின் சாயம் என்பாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போவார்கள்.

உட்கார்ந்து கேட்டவள் பவதாரிணி ஒருத்திதான். அவளுக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் ஆபீஸ் வேலை. பஸ்ஸில் நசுங்கி வந்து, முகம் கழுவிவிட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சார்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நானும் இந்த மாதிரி ஏதாச்சும் பண்ணலாமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். சத்யாவுக்கு அன்றைக்குத் தாராள மனசு. எதுவும் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது அல்லவா, அதை வேண்டிய மட்டும் அனுபவித்தாள்.

"எது நடந்துச்சோ அதத்தான் போடணும் பவா. அழகா வரணும்னு மாத்துனா அது படமில்ல, பொய்" என்றாள்.

சொன்னவள் அதைக் கடைப்பிடித்தாளா என்றால், அது வேறு கதை. ஒரு வாரம் எரிச்சலே வராமல் போய்விட்டால் சார்ட் வெளிறிப்போய்விடும். சத்யா அங்கங்கே கொஞ்சம் சிவப்பைத் தூவிவிடுவாள். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

பவா சார்ட்டும் வாங்கவில்லை, பேனாவும் வாங்கவில்லை. மாடி ஜன்னலுக்கு அடித்ததுபோக மீந்துபோன வெள்ளை நைலான் கொசுவலை ஒரு சுருள் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள். உல்லன் நூலும் மழுங்கிய ஊசியும் வாங்கினாள். நாளுக்கு ஒரு வரிசை. ஒரு சம்பவத்துக்கு ஒரு பெருக்கல் குறித் தையல். இடது ஓரத்தில் பச்சை, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால். வலது ஓரத்தில் சிவப்பு, மேனேஜர் கத்தினால். அதை ஒட்டி நீலம், அம்மாவோடு போனில் பேசினால். நடுவில் பெரிய இடத்தை மஞ்சளுக்கு விட்டிருந்தாள். மஞ்சள் எதற்கு என்று கேட்டால், "அது இருக்கட்டும்க்கா" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரமாக இருக்கும் என்று சத்யாவும் கிண்டிக் கேட்கவில்லை. பார்க்கக் கைக்குட்டைத் தையல் மாதிரிதான் இருந்தது. சத்யா வாய் நிறையப் பாராட்டினாள். போட்டிக்கு வராதவர்களை வாய் நிறையப் பாராட்டலாம்.

அப்போதுதான் அனந்தபத்மநாபன் வந்தார். தல்லாகுளத்தில் தன் வீட்டு மாடியை ஓவியக்கூடமாக மாற்றி வைத்திருப்பவர். அன்றாடத் தகவலை ஓவியமாக்குகிற ஆட்களை மட்டும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார், படியேறி உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற முன்சுவர் யாருக்கு என்பதுதான் பாக்கி என்று சத்யாவுக்குத் தெரியும். அந்தச் சுவருக்காக அவள் இரண்டு வருடமாக அவருக்கு வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் சார்ட்டுகளைப் பார்த்தார். "நன்னா இருக்கும்மா, ரொம்ப சுத்தமான கை" என்றார். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. சத்யா போய்ப் பார்த்தால், அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தபடி ஈரக்கையோடு நிற்கிறார். அங்கே கொசுவலை தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அதன் வழியாக வந்து சுவரில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்திருந்தது.

"இது யார் பண்ணினது?"

முன்சுவர் பவதாரிணிக்குப் போனது. கண்காட்சி வரைக்கும் தைத்துக்கொண்டே இருக்கட்டும், கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சத்யாவின் வட்டங்களுக்கு உள்ளறையில் இடம் உண்டு என்று போகிறபோக்கில் சொன்னார். உள்ளறையில் குடிதண்ணீர் கேனும் பாத்ரூம் கதவும் இருப்பது சத்யாவுக்குத் தெரியும்.

அன்றைக்கு விழுந்த தீ அவள் வயிற்றில் அணையவே இல்லை. சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. பவாவிடம் உப்பு, கேஸ், பால் பாக்கெட் தவிர வேறு பேச்சு எதுவும் இல்லாமல் போயிற்று. அவள் "அக்கா" என்று வந்து நின்றால் சத்யா குனிந்து வெங்காயம் உரிப்பாள். உரித்து முடிந்திருந்தால் இன்னொரு வெங்காயத்தை எடுப்பாள். ராத்திரி அருள்பாண்டியிடம், "அது கலையா? அது கைவேல. பொடவக் கடையில இத விட நல்லாப் போடுவாங்க" என்பாள். அவர் "ஆமா" என்பார். "ஒங்களுக்கு என்ன தெரியும்" என்று அவர்மேலும் பாய்வாள்.

ஆனாலும் பவா வேலைக்குப் போனபிறகு துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் வலையைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பார்க்கப் பார்க்க எரிந்தது. நடுவில் ஒரு மாற்றம் வந்திருந்தது. மேலே வேப்பம்பூ உதிர்ந்த தரை மாதிரி அடர்ந்து கிடந்த மஞ்சள், ஒரு வரிசையோடு பட்டென்று நின்றுவிட்டது. கீழே வெறும் வலை. ஓரங்களில் பச்சையும் சிவப்பும் நீலமும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நடுவில் ஒன்றுமில்லாமல் வானம் தெரிந்தது. இத்தனை பெரிய இடத்தைக் காலியாக விட என்ன தைரியம் வேண்டும் என்று சத்யாவுக்குத் தெரியும். அவளுக்கு அந்தத் தைரியம் ஒருநாளும் வந்ததில்லை. எந்த வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ, கள்ளி, என்று பல்லைக் கடித்தாள்.

இரண்டாம் முறை வந்த அனந்தபத்மநாபன் அந்தக் காலி இடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "இந்த வெறுமைதாம்மா இதோட உயிர். நான் வந்து எடுக்கிற வரைக்கும் இதுல கை வச்சுடாதே" என்று பவாவிடம் சொன்னார். பவா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சத்யா நினைத்தாள்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரியபிரகாஷ் கறி வாங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தான்.

"நாளைக்கு வலைய எடுக்க வாராகளாம் மதினி."

"வரட்டும்" என்றாள் சத்யா. பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அந்த நடு எடத்த எதப் பாத்து தம்பி அப்படி விட்டா? நல்ல ட்ரிக்குதான்."

சூரியபிரகாஷ் கறிப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்த மாதிரி இருந்தது.

"ட்ரிக்கெல்லாம் இல்ல மதினி. மஞ்ச நூலு நீங்கதான்."

"நானா?"

"நீங்க அவகூட நல்லபடியாச் சிரிச்சுப் பேசுனா ஒரு மஞ்ச. அம்புட்டுத்தான். அவளுக்குக் கூடப்பொறந்த அக்கா இல்லேல்ல. கல்யாணமாகி வந்ததுலருந்து ஒங்களப் பத்தித்தான் பேச்சு. இப்பக் கொஞ்ச நாளாப் போட ஒண்ணுமில்லன்னு ஊசிய வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கா. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சத்யாவுக்கு முகம் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. கறியை அலசி, மஞ்சள்தூள் போட்டுப் பிசறுகிற வரைக்கும் அந்த வெட்கம் இருந்தது. குக்கர் விசில் வருவதற்குள் வேறொன்று மெல்லத் தலையைத் தூக்கியது. ஊரே வாயைப் பிளக்கப்போகிற அந்த வெறுமை என்னுடையதா? அவள் செய்தது என்ன, சும்மா இருந்ததுதானே? முகத்தைத் திருப்பித் திருப்பி இவ்வளவு நாள் அதை உண்டாக்கியது நானல்லவா? பேர் மட்டும் அவளுக்கு.

அப்படியானால் அதைக் கெடுப்பதும் என் கையில்தான் இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. ஒரு நல்ல வார்த்தை போதும். பவா நடந்ததை மறைக்கமாட்டாள், தைத்துவிடுவாள். சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாதா? வெள்ளைச் சுவரில் வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி அந்தக் காலி இடத்தின் நடுவே ஒரு மஞ்சள். நாளைக்கு அனந்தபத்மநாபன் வந்து தலையில் அடித்துக்கொள்வார். நல்ல வார்த்தை பேசியதற்காக யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சாயங்காலம் சத்யா ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பவா ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து அன்றைக்கு அம்மாவோடு பேசியதற்கு நீலத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். சத்யா கிண்ணத்தை வைத்தாள். வலையைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"வல ரொம்ப நல்லாருக்கு பவா. என்னால இப்படிப் பண்ண முடியாது."

முதல் பாதியை யோசித்து வைத்திருந்தாள். இரண்டாம் பாதி தானாக வந்துவிட்டது.

பவாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் டப்பாவிலிருந்து மஞ்சளை எடுத்து ஊசியில் கோத்தாள்.

"இரு, அவரு கை வைக்கக் கூடாதுன்னாருல்ல?" என்றாள் சத்யா. எதற்குத் தடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவரு சொன்னா என்னக்கா, நடந்தது நடந்ததுதான?"

வெறும் வலையின் அடிவரிசையில் பவா ஒரு மஞ்சள் பெருக்கல் குறியைப் போட்டாள். நூலை அறுத்துவிட்டு எழுந்து தள்ளி நின்றாள். சத்யாவும் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் படித்த கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கெடவில்லை. இவ்வளவு நாளும் அந்த வலை இந்த ஒரு தையலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதுதான் அது முடிந்திருந்தது. கெடுக்க வந்தவள் தன் கையாலேயே முடித்துக்கொடுத்திருந்தாள். சத்யாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

"அக்கா" என்றாள் பவா. "மனசாரச் சொன்னீங்கதான? இல்லேன்னா சொல்லிருங்க, பிரிச்சிருறேன்."

குத்திக் கேட்கவில்லை. குழம்பில் உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஆமாம் என்றால் தையல் நிற்கும், முன்சுவருக்குப் போகும், பார்த்தவர்கள் எல்லாம் பவதாரிணி பவதாரிணி என்பார்கள். இல்லை என்றால் இப்போதே அவிழ்ந்துவிடும். இல்லை என்பது உண்மையும்கூட. இவ்வளவு வசதியான உண்மை சத்யாவுக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால், அதுவும் முழு உண்மையாக இல்லை.

"நல்லாருக்குன்னு சொன்னது நெசம்" என்றாள். "சொல்ல வந்ததுதான் நெசமில்ல. மஞ்ச எதுக்குன்னு தம்பி காலைலயே சொல்லிட்டாரு. ஒண்ணு விழுந்தா அந்த எடம் கெட்டுப்போகும்னுதான் படியேறி வந்தேன். எனக்கு ஒம்மேல அம்புட்டுப் பொறாம பவா. தாங்க முடியல."

பவா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உட்கார்ந்து, ஊசி முனையால் அந்தத் தையலின் ஒரு காலை மட்டும் நெம்பி வெளியே இழுத்து, கத்தரியால் வெட்டி எடுத்தாள். மற்றக் காலை அப்படியே விட்டு, பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டாள். பெருக்கல் குறி போய், சாய்வாக ஒரே ஒரு மஞ்சள் கோடு நின்றது.

"பாதி நெசம்தானக்கா" என்றாள். "பாதியப் போட்டுக்கிறேன்."

குழம்புக் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தாள். தட்டு எடுக்க உள்ளே போனாள். சத்யா வலையின் முன்னால் தனியாக நின்றாள். தனக்குப் பாதி கிடைத்ததே அதிகம் என்று தோன்றியது. அதைவிட அதிகமாகத் தோன்றியது இன்னொன்று. அந்தக் கோடு முழுத் தையலைவிட அழகாக இருந்தது. இப்படிப் பாதியில் நிறுத்தத் தனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வயிறு மறுபடி எரிந்தது.

"அக்கா, நீங்களும் சாப்பிடுறீங்களா?" என்று உள்ளேயிருந்து பவா கேட்டாள்.

"போடு" என்றாள் சத்யா.